கவலையீனமான தாய்

தகரத்தைத் திறந்தால் முதலில் வருவது வினாகிரி மணம்.
படம் புளிக்கத் தொடங்கிவிட்டது.
ஆனைக்கோட்டையில், சைக்கிள் கடைக்கு மேலே,
எங்கள் அறையில் இருநூற்றுப் பதினான்கு தகரங்கள்.
பாதிக்கு மேல் பாடம் சொல்பவை:
புகையிலைக்கு நாற்றுமேடை, கொழுக்கிப் புழு,
மலகூடக் குழி எத்தனை அடி,
தபாற்கந்தோரில் காசு சேர்ப்பது எப்படி.
மீதி, கமெரா வைத்திருந்த வீடுகளின் கலியாணங்கள்,
கசூரினாக் கடலில் முழங்காலளவு நின்று
கைகாட்டும் டொக்டர் குடும்பங்கள்.

கமெரா இல்லாத வீடுகள்
பாடப் படங்களுக்குள்தான் இருக்கின்றன,
நோயாளிகளாக,
உதாரணங்களாக.

இலக்கம் எழுபத்தெட்டு: கொதித்தாறிய நீர்.
பதினாறு மில்லிமீற்றர், கறுப்பு வெள்ளை, ஒன்பது நிமிடம்.
எடுத்த இடம் மந்துவில். நடித்தவர் பெயர்கள் இல்லை.
கீழே என் கையெழுத்து:
இரண்டு தாய்மார். ஒருத்தி தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள்.
மற்றவள் வைக்கவில்லை.
அவளுடைய பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல்.

போன மாசியில் புவனேந்திரன் வந்தார், நோர்வேயிலிருந்து.
மின்விசிறிக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு
அம்மாவின் படம் ஒன்றும் கையில் இல்லை என்றார்.
இருந்த ஒன்று தொண்ணூற்றைந்தில்
நாவற்குழிப் பாலத்தில், மழையில், பெட்டியோடு போனது.
"ஒரு படத்தில நடிச்சவ. தண்ணி பற்றின படம்.
நானும் கிடக்கிறன் அதில."

ஏற்றினேன்.

முதலில் நல்ல தாய். அடுப்பு ஊதும்போதும் கசங்காத சேலை.
"அவ மருத்துவிச்சி" என்றார், அக்கறையில்லாமல்.
பிறகு துலாவின் நிழல், வாளி,
வாளியை எட்டிப் பிடிக்கிற ஒரு கை.
"இவதான்."
முகம் இன்னும் வரவில்லை.

குரல் வந்தது, வானொலிச் சுத்தத்தோடு:
இதோ, கவலையீனமான தாய்.
கிணற்று நீரை அப்படியே குழந்தைக்குக் கொடுக்கிறாள்.
இவளது அறியாமையின் விளைவைப் பாருங்கள்.

விளைவு பாயில் கண்மூடிக் கிடந்தது.
விளைவு என் பக்கத்தில் இருந்தது,
அறுபத்தாறு வயதில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

"இமை ஆடுது, இமை ஆடுது எண்டு
மூண்டு நாள் எடுத்தவங்கள்.
சம்பளம் ஒரு பால்மாப் பேணி.
பச்சைத் தண்ணி என்ர பிள்ளைக்குக் குடுக்கமாட்டன் எண்டு
அம்மா இரவே கொதிக்க வைச்சு, ஆற வைச்சு,
விடிய செம்புக்குள்ள ஊத்தி ஒளிச்சு வைச்சவ.
வாளிக்குள்ள முக்கினது சும்மா.
கமெராக்காரனுக்குத் தெரியாது."

கொஞ்சம் சிரித்தார். நிறுத்தினார்.

"பள்ளிக்கூடத்தில படம் காட்டினாங்கள். சனம் முழுக்க வந்தது.
அதுக்குப் பிறகு ஒரு வருசம்
எங்கட வீட்டில ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை.
தங்கச்சி, அந்தக் குரலை மட்டும் வெட்டேலாதோ?"

நாங்கள் வெட்டுவதில்லை என்றேன்.
வந்தது வந்தபடி இருக்கவேண்டும் என்று
பயிற்சியில் சொல்லித் தந்ததைச் சொன்னேன்.
சொல்லும்போதே வானொலிக்காரன் மாதிரி இருந்தது.
அவருக்குச் சத்தமில்லாத பிரதி ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.
நாற்பத்தொரு செக்கன் அம்மா.
அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு,
போட்டதா என்று படியிறங்கும்போது தொட்டுப் பார்த்தார்.

கரண்ட் நின்று வந்த பிறகு, தனியே,
ஐந்தாம் நிமிடத்தை ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினேன்.
வாளி விளிம்புக்குப் பின்னால் செம்பு தாழ்கிறது.
எழும்புகிறது.
வெளிப்புறம் காய்ந்திருக்கிறது.
அடியில் ஒரு துளி தொங்கவில்லை.
அவள் கண் மட்டும் ஒருதரம் கமெராவின் பக்கம் போய்
பிடிபடவில்லை என்று அறிந்து திரும்புகிறது.

பதிவேட்டில் "பெயர்கள் இல்லை" என்பதை வெட்டினேன்.
இராசமலர், மந்துவில். நடித்தவர்.
செம்பைப் பார்க்கவும்: ஐந்து நிமிடம், பன்னிரண்டு செக்கன்.
மருத்துவிச்சியின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை.
அந்த இடத்தை விட்டிருக்கிறேன்.